செத்த செல்களால் நீர் குடிக்கும் செடி

உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு செடி. இலையெல்லாம் சாம்பல் பூத்த வெள்ளி நிறம். அதைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் கண்ணெதிரே பச்சையாக மாறுகிறது. வேர் என்று இருப்பவை நாலைந்து காய்ந்த நார்கள். அவை கிளையைப் பிடித்துக்கொள்வதற்கு மட்டுமே. நீரைக் குடிப்பது இலை.

டில்லாண்ட்சியா அயனாந்தா என்பது இதன் பெயர். நர்சரிகளில் ‘ஏர் பிளான்ட்’ என்று விற்கும் வகைகளில் ஒன்று. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் மரக்கிளைகளில் தொற்றி வளர்வது. புல்லுருவிபோல் மரத்தின் சாற்றை உறிஞ்சாது. இடம் மட்டும் கேட்கும். அன்னாசியும் இதுவும் ஒரே குடும்பம். புரோமிலியேசி என்ற அந்தக் குடும்பத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்காவில் பாறைகளில் வளரும் ஒரே ஓர் இனத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அமெரிக்கக் கண்டங்களே தாயகம். கொல்லிமலையில் விளையும் அன்னாசியின் பூர்விகமும் தென் அமெரிக்காதான்.

அந்த வெள்ளி நிறத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் ஆயிரக்கணக்கான நுண்செதில்கள் தெரியும். ஒவ்வொரு செதிலும் ஒரு வட்டத் தகடு. தகட்டின் செல்கள் எல்லாம் இறந்தவை, உள்ளே வெறுமையானவை. தகட்டின் அடியில் இருக்கும் குட்டையான காம்பில் மட்டும் உயிருள்ள செல்கள். காய்ந்திருக்கும்போது செதிலின் ஓரங்கள் மேலே தூக்கி நிற்கும். வெயிலைத் திருப்பி அனுப்பும். ஒரு துளி நீர் பட்டதும் இறந்த செல்கள் நிரம்பி உப்ப, ஓரங்கள் இலையோடு படிந்துவிடும். செதிலுக்கும் இலைக்கும் நடுவே நீர் இழுபட்டுப் போய், காம்பின் உயிர்ச்செல்கள் வழியாக உள்ளே இறங்கும். நனைந்த செதில்கள் ஒளியை ஊடுருவ விடுவதால்தான் அடியிலிருக்கும் பச்சை நமக்குத் தெரிகிறது. காய்ந்ததும் வெற்றுச் செல்கள் சுருங்கிக் காம்பின் வாயை மூடிக்கொள்ளும். உள்ளே வந்த நீர் எளிதில் வெளியேறாது. உயிரற்ற செல்களைக் கொண்டே ஒருவழிக் கதவு ஒன்றை அமைத்துக்கொண்ட இந்தச் செடியை எத்தனை முறை நனைத்துப் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இதன் மூச்சும் வேறு மாதிரி. பகலில் இலைத்துளைகளைத் திறந்தால் நீர் ஆவியாகிவிடும். அதனால் இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாக்கிச் சேமித்து வைக்கும். விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்த வாயுவை உள்ளுக்குள்ளேயே விடுவித்து, ஒளியின் துணையோடு சர்க்கரை தயாரிக்கும். அன்னாசியும் இதையே செய்கிறது.

இந்த இரண்டு விஷயங்களும் மனதில் பதிந்துவிட்டால் வளர்க்கும் முறையைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. இரவில் இலை ஈரமாக இருந்தால் இலைத்துளைகளின் மேல் நீர்ப்படலம் நிற்கும். செடி மூச்சுவாங்க முடியாது. ஆகவே காலையில் நனைக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் கிண்ணத்து நீரில் மூழ்க வைத்து, தலைகீழாகப் பிடித்து உதறி, காற்றோட்டத்தில் வைத்தால் மூன்று நான்கு மணி நேரத்தில் உலர வேண்டும். குருத்தில் நீர் தேங்கினால் அழுகிவிடும். தண்ணீர் ஊற்ற மறந்து செடியைக் கொன்றவர்களைவிட, உலர விடாமல் கொன்றவர்களே அதிகம் என்று நினைக்கிறேன். நம் ஊர் ஐப்பசி மழையில் இதற்கு நீரைவிட மின்விசிறிக் காற்று அவசியம். சித்திரை வெயிலில் இலை ஓரங்கள் உட்புறம் சுருண்டால், அது தாகம். வாரத்துக்கு இரண்டு முறை முக்கலாம்.

மழைநீரே மிகச் சிறந்தது. ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புநீர் செதில்களின் மேல் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். ஆர்.ஓ. இயந்திரம் கழித்து வெளியே விடும் நீரை வேறு செடிகளுக்கு ஊற்றுபவர்கள்கூட இதற்குத் தரவேண்டாம். உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கும். செம்புக் கம்பியால் கட்டுவதும் கூடாது. இந்தக் குடும்பத்துக்கே செம்பு நஞ்சு. கடைகளில் அழகுக்காக மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் வைத்துத் தருகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அதை வெளியே எடுத்துவிடுங்கள். கிழக்கு ஜன்னலின் காலை வெளிச்சம் போதும். உச்சிவெயில் இலையைப் பொசுக்கிவிடும்.

வளர்ந்து முதிர்ந்த செடி பூக்கத் தயாரானதும் நடு இலைகள் சிவக்கும். அதன் தாயகத்தில் அந்தச் சிவப்பு ஓசனிச்சிட்டுகளுக்கு அழைப்பு. பிறகு ஊதா நிறக் குழல்பூக்கள் நீண்டு வெளிவரும். நுனியில் மஞ்சள் மகரந்தம். பூப்பதைத் தூண்டுவது எத்திலீன் வாயு. அசோர்ஸ் தீவுகளில் கண்ணாடிக் கூடங்களில் அன்னாசி பயிரிட்டவர்கள், புகை போட்டால் செடிகள் ஒன்றுபோல் பூப்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டுகொண்டார்கள். புகையில் இருந்த எத்திலீனின் வேலை அது என்பது பின்னால் தெரிந்தது. இன்றைய அன்னாசி விவசாயிகள் தெளிக்கும் எத்திபான் மருந்தும் செடிக்குள் எத்திலீனையே வெளியிடுகிறது. பழுத்த ஆப்பிளோடு செடியை ஒரு வாரம் பையில் கட்டி வைத்துப் பூக்க வைப்பவர்களும் உண்டு. நான் அவசரப்படுத்துவதில்லை. காரணம், குலை தள்ளிய வாழையைப்போல, பூத்த செடி மறுபடி பூக்காது. அடியில் பக்கக்கன்றுகளை விட்டு, ஓரிரு ஆண்டுகளில் மெல்ல ஓய்ந்துவிடும்.

கன்றுகள் தாயில் பாதி அளவுக்கு வந்தபின் திருகிப் பிரிக்கலாம். பிரிக்காமல் விட்டால் காலப்போக்கில் பந்துபோல் திரண்டு, ஒரே நேரத்தில் பல தலைகள் சிவக்கும்.