கிணற்று நீச்சலும் கடல் இழுப்பும்: வெளிநாட்டுக் கடற்கரையில் கூடாரமிடும் மாணவர்களுக்கு

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களுக்கும் கடற்கரை கிடையாது. பச்சைமலை அடிவாரத்தில் அமைந்த அரும்பாவூர், 2020இல் தன் மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு பெற்று வெளியுலகில் பெயர் அறியப்பட்ட ஊர். இன்று அதன் சிற்பங்களைப் போலவே அதன் பிள்ளைகளும் கடல் கடந்து செல்கின்றனர். மருத்துவம் படிக்கப் பிலிப்பைன்சுக்கும் ரஷ்யாவுக்கும், முதுநிலைப் படிப்புக்கு ஆஸ்திரேலியா, பிரிட்டன், அயர்லாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளுக்கும் போகும் இவ்வட்டார மாணவர்கள், தேர்வு முடிந்ததும் பத்துப் பேராகச் சேர்ந்து வாடகைக் கார் எடுத்து, கடற்கரையில் கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்கிவிட்டு வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. அப்பயணத்தில் தவறேதும் இல்லை. அதற்கு எந்த ஆயத்தமும் இன்றிச் செல்வதும், ஏதேனும் நேர்ந்தபின் அருகிலுள்ள மருத்துவமனையை விட்டு ஊருக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பதுமே இக்கட்டுரையின் கவலை.

தொலைபேசியில் வரும் நோயாளி

இத்தகைய விபத்துகள் ஊர் மருத்துவரை எட்டும் வழி பெரும்பாலும் ஒன்றே. கால் வீங்கிச் சிவந்திருக்கும் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் தாய்க்கு வருகிறது, தாய் அதை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்கோ மருத்துவரிடமோ சென்று, "பிள்ளைக்கு என்ன மாத்திரை சொல்லட்டும்?" என்று கேட்கிறார். அதற்குள் பல மணி நேரம் கடந்திருக்கும். நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல், நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் தெரியாமல், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து சொல்லப்படும் மாத்திரை எந்த வகையிலும் சிகிச்சை ஆகாது. அத்தகைய அழைப்புக்கு மருத்துவர் தரத்தக்க நேர்மையான மறுமொழி, "அங்கேயே மருத்துவமனைக்கு உடனே போகச் சொல்லுங்கள்" என்பது ஒன்றுதான்.

கிணற்றில் கற்ற நீச்சல்

"எங்கள் பிள்ளைக்கு நன்றாக நீச்சல் தெரியும்" என்பது இவ்வட்டாரப் பெற்றோர் நம்பிக்கையோடு சொல்லும் சொல். முதுகில் சுரைக்குடுக்கையையோ லாரி டியூபையோ கட்டிக்கொண்டு பாசனக் கிணற்றில் நீந்தக் கற்றவர்கள் இங்கு ஏராளம். ஆனால், கிணற்று நீர் நின்ற நீர். நான்கு பக்கமும் சுவர் உண்டு, களைத்தால் பிடித்துக்கொள்ளப் படியோ மோட்டார்க் குழாயோ உண்டு. கடல் அப்படியன்று. கரையை நோக்கி வந்த அலைநீர் ஒரு குறுகிய வழியாகத் திரண்டு மீண்டும் கடலுக்குள் பாயும் ஓட்டத்தை இழுப்பு நீரோட்டம் என்பர். இது விநாடிக்கு இரண்டு மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தை எட்டக்கூடும் என்பதால், பயிற்சி பெற்ற நீச்சல் வீரராலும் அதை எதிர்த்துக் கரை சேர இயலாது.

அலை குறைவாக, அமைதியாகத் தெரியும் இடமே பாதுகாப்பானது என்ற நம்பிக்கை இங்கு உயிரைப் பறிக்கிறது. இருபுறமும் வெள்ளை நுரையோடு அலை உடைய, நடுவில் கருமையாகவும் சலனமின்றியும் தெரியும் அந்தப் பட்டையே பெரும்பாலும் இழுப்பு நீரோட்டத்தின் தடமாகும். அது மனிதரை அடியில் இழுத்து அமிழ்த்துவதில்லை, கரையிலிருந்து தொலைவுக்குக் கொண்டுபோகிறது. அமிழ்த்துவது அச்சமும், எதிர்த்து நீந்தியதால் வரும் களைப்புமே. அதில் சிக்கியவர் மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் பகுதியை அடைந்தபின் கரைக்குத் திரும்ப வேண்டும்.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பயில்வோருக்கு மற்றோர் ஆபத்தும் காத்திருக்கிறது. நீரின் வெப்பநிலை 15 டிகிரி செல்சியசுக்குக் குறையும்போது, திடீரெனக் குதித்தவரின் உடல் தன்னிச்சையாகப் பெருமூச்சு வாங்கி, நெஞ்சு படபடத்து, மூச்சு கட்டுக்கடங்காமல் ஓடும். இதனைக் குளிர்நீர் அதிர்ச்சி என்பர். அந்தப் பெருமூச்சு நீருக்குள் நிகழ்ந்தால் நுரையீரலுக்குள் போவது நீரே. வெயில் காய்ந்தாலும் கடல் சூடாகியிருக்கும் என்று எண்ணலாகாது. முதல் ஓரிரு நிமிடங்கள் நீந்த முயலாமல் மிதந்தால் மூச்சு தானாகச் சீராகும்.

காப்பாற்றப் போனவர்

நண்பர் கூட்டமாகச் செல்வதால் பாதுகாப்பு கூடும் என்ற எண்ணம் பாதிதான் உண்மை. 2024 ஜூனில் ரஷ்யாவின் நோவ்கொரோத் நகரில், வோல்கோவ் ஆற்றில் இறங்கிய இந்திய மாணவி ஒருவர் தத்தளிக்க, அவரை மீட்க முயன்ற தோழர்களும் சிக்கி, நான்கு மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தனர். ஒருவர் மட்டுமே பிழைத்தார். அதே ஆண்டு ஜனவரி 24 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலுள்ள பிலிப் தீவில், உயிர்காப்பாளர் பணியில் இல்லாத ஃபாரஸ்ட் கேவ்ஸ் கடற்கரையில், இந்திய வம்சாவளியினர் நால்வர் ஒருசேர மாண்டனர். மூழ்குபவரின் பிடி இரும்புப் பிடி. வெறுங்கையோடு அருகில் செல்பவரை அது கீழே அழுத்திவிடும். மிதக்கும் பொருள் எதையாவது, அது குளிர்பெட்டியாகவோ காலித் தண்ணீர் கேனாகவோ இருப்பினும், எறிந்துவிட்டு அவசர எண்ணை அழைப்பவரே உண்மையில் காப்பாற்றுபவர் ஆவார்.

மூழ்குபவர் கூச்சலிடுவார் என்று காத்திருப்பதும் தவறு. மூச்சு வாங்கவே வாய் போதாத நிலையில் குரல் எழும்புவதில்லை. தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் இருக்க, ஓசையின்றி ஒரு நிமிடத்துக்குள் மறைந்துவிடுவர். மது அருந்தியவர் இன்னும் விரைவில்.

கரையேற்றியபின் செய்யப்படும் கேடுகள்

மூழ்கியவரைக் குடத்தின்மேல் கவிழ்த்து உருட்டுதல், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுதல், தூக்கிச் சுழற்றுதல், வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுதல் ஆகியவை தலைமுறைகளாக ஏரிக்கரையிலும் கிணற்றடியிலும் செய்யப்பட்டு வருபவை. படித்த பிள்ளைகளும் பதற்றத்தில் இவற்றையே செய்கின்றனர். இவற்றில் ஒன்றுகூடப் பயன்தராது. வயிற்றை அமுக்கினால் வெளிவருவது பெரும்பாலும் இரைப்பையில் உள்ள நீரும் உணவும். அவை மூச்சுக்குழாய்க்குள் இறங்கி, பிழைக்கக்கூடியவரையும் கொன்றுவிடும். அதைவிடக் கொடியது, அந்தச் சடங்குகளில் வீணாகும் நான்கைந்து நிமிடங்கள். மூளை தாங்கக்கூடிய கால அளவே அவ்வளவுதான்.

நீரில் மூழ்கியவருக்கு முதலில் நிற்பது மூச்சு. இதயம் அதன் பின்னரே நிற்கிறது. ஆகவே, மூச்சற்றுக் கிடப்பவரை மல்லாக்கக் கிடத்தி, தலையைப் பின்சாய்த்து மோவாயை உயர்த்தி, மூக்கை மூடி வாயோடு வாய்வைத்து முதலில் மூச்சுக் கொடுத்தல் இங்கு இன்றியமையாதது. தொடர்ந்து நெஞ்சின் நடுவில் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை என்ற வேகத்தில் 30 முறை அழுத்தி, இரண்டு மூச்சுக் கொடுத்து, உதவி வரும்வரை நிறுத்தாமல் செய்ய வேண்டும். இதற்கு இதய நுரையீரல் மீட்பு என்று பெயர். மூச்சு இருந்து நினைவில்லாதவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும்.

மீட்கப்பட்டவர் எழுந்து உட்கார்ந்து சிரித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நண்பர்கள் மீண்டும் அடுப்பு மூட்டப் போய்விடுகின்றனர். நுரையீரலுக்குள் சென்ற சிறிதளவு நீரும் அடுத்த சில மணி நேரத்தில் வீக்கத்தை உண்டாக்கக்கூடும். விடாத இருமல், மூச்சு வாங்குதல், வாயில் நுரை, குழப்பம், வழக்கத்துக்கு மாறான தூக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருப்பது பெரும் பிழை. மருத்துவமனையில் ஆக்சிஜன் அளவும் நெஞ்சு எக்ஸ்ரேயும் பார்த்துச் சில மணி நேரம் கண்காணிப்பர், அவ்வளவே.

கூடாரத்துக்குள் கரி அடுப்பு

கோழியைச் சுட்டுத் தின்றபின், நள்ளிரவில் கடற்காற்று குளிரத் தொடங்க, அணைந்ததுபோல் சாம்பல் பூத்த கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் எடுத்துச் சென்று, ஜிப்பை இழுத்து மூடிப் படுக்கும் செயலைக் குளிர் நாடுகளில் பயிலும் மாணவர்கள் செய்கின்றனர். பிள்ளை பெற்ற வீட்டில் தணலும் சாம்பிராணிப் புகையும் பழகிய நமக்கு, புகை இல்லாத தணல் தீங்கற்றது என்று தோன்றுகிறது. கனலும் கரியிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற வாயு. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேற்பட்ட பற்றுடன் ஒட்டிக்கொண்டு, உடலுக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் செய்துவிடும். தூங்குபவர் விழிப்பதில்லை. 2024இல் கொடைக்கானலில் விடுதி அறைக்குள் கரி அடுப்பை வைத்துவிட்டு உறங்கிய இளைஞர் இருவர் இவ்வாறே மடிந்தனர்.

கூடாரத்தின் சன்னலைச் சற்றே திறந்து வைத்தால் போதும் என்பது வெறும் நம்பிக்கை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் ஆகியவை தோன்றும்போது முந்தைய இரவின் மதுவால் வந்தது என்று எண்ணிப் பாராசிட்டமால் விழுங்கி மீண்டும் அதே கூடாரத்தில் படுப்பவர்கள் உண்டு. இதைவிட ஆபத்தான சுயமருத்துவம் வேறில்லை. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியும் இந்நச்சில் இயல்பான எண்ணையே காட்டி ஏமாற்றும். பாதிக்கப்பட்டவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து அவசர ஊர்தியை அழைப்பதே செய்யத்தக்கது.

சொறி மீனும் சுண்ணாம்பும்

சொறி மீன் எனப்படும் ஜெல்லி மீனின் இழைகளில் நஞ்சேந்திய நுண்ணிய கொட்டும் அணுக்கள் உள்ளன; தோலில் ஒட்டிய இழையில் அவற்றுள் பல இன்னும் வெடிக்காமல் இருக்கும். மணலால் தேய்த்தல், நல்ல தண்ணீர் ஊற்றுதல், சிறுநீர் கழித்தல், சுண்ணாம்பு தடவுதல் ஆகியவற்றால் நன்மை இல்லை. தேய்ப்பதும் நல்ல தண்ணீரும் எஞ்சிய அணுக்களையும் வெடிக்கச் செய்துவிடும். வட ஆஸ்திரேலியாவிலும் பிலிப்பைன்சிலும் காணப்படும் பெட்டி ஜெல்லி மீன் சில நிமிடங்களிலேயே இதயத்தை நிறுத்தவல்லது. அங்குக் கொட்டுப்பட்ட இடத்தில் வினிகரை அரை நிமிடமாவது ஊற்றி, அவசர எண்ணை அழைக்க வேண்டும். சிட்னி போன்ற கிழக்குக் கரைகளில் மிகுந்துள்ள நீலப்புட்டி என்னும் வகைக்கோ ஆஸ்திரேலிய முதலுதவி நெறிகள் வினிகரைப் பரிந்துரைப்பதில்லை. கடல்நீரால் கழுவி, இழையை அகற்றி, தாங்கக்கூடிய சுடுநீரில், ஏறத்தாழ 45 டிகிரியில், 20 நிமிடம் வைக்கச் சொல்கின்றன. இடத்துக்கு இடம் முறை மாறும் என்பதால், ஊரிலுள்ள மாமாவிடம் கேட்பதைவிடக் கரையிலுள்ள அறிவிப்புப் பலகையைப் படிப்பது மேல்.

திருக்கை முள் குத்தினால் சுடுநீர் வலியைத் தணிக்கும். நெஞ்சிலோ வயிற்றிலோ முள் தைத்திருந்தால் அதைப் பிடுங்கக் கூடாது.

பெட்டியில் போகும் மாத்திரைகள்

வெளிநாடு செல்லும் பிள்ளையின் பெட்டியில் ஊறுகாய்க்கும் பொடிகளுக்கும் அடுத்தபடியாக, மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கிய மாத்திரைப் பொட்டலம் ஒன்று தவறாமல் இடம்பெறுகிறது. அதிலுள்ள நிமெசுலைடு என்னும் வலிமாத்திரை இந்தியாவில் 2011 முதல் 12 வயதுக்குட்பட்டோருக்குத் தடைசெய்யப்பட்டது; அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் விற்பனையிலேயே இல்லாதது. வெயிலில் வற்றி, வாந்தியும் பேதியுமாகக் கிடப்பவர் டைக்ளோஃபினாக், ஐபுப்ரொஃபென் போன்ற வலிமாத்திரைகளை விழுங்கினால் சிறுநீரகம் பழுதாகக்கூடும். முகப்பருவுக்குப் பலர் உட்கொள்ளும் டாக்சிசைக்ளின் தோலை வெயிலுக்குக் கூருணர்வுள்ளதாக்கி, ஒரே பகலில் கொப்புளம் காணச் செய்யும். நிறம் வெளுக்கத் தடவிய ஸ்டீராய்டு களிம்பால் மெலிந்த தோலுக்கும் இதே கதிதான். கருத்த தோலை வெயில் சுடாது என்பது பொய். இரத்தம் கலந்த பேதிக்கும் காய்ச்சலுடன் வரும் பேதிக்கும் அதை நிறுத்தும் லோப்பரமைடு உகந்ததன்று. உப்புச்சர்க்கரைக் கரைசலே அந்தப் பெட்டியில் முதலில் வைக்கவேண்டிய மருந்து, ஆனால் அதைத்தான் எவரும் வைப்பதில்லை.

புறப்படுமுன்

மருத்துவமனைக்குப் போனால் விசா போய்விடும், அவசர ஊர்திக்குக் கட்டணம் கட்டி மாளாது என்ற அச்சங்களே தாமதத்தின் வேர். விபத்துக்குச் சிகிச்சை பெற்றதற்காக மாணவர் விசா நீக்கப்படுவதில்லை. ஆஸ்திரேலிய மாணவர் விசாவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம், அதில் அவசர ஊர்தியும் அடங்கும். பிரிட்டனில் விசாவோடு செலுத்தப்படும் மருத்துவக் கட்டணம் அரசு மருத்துவமனையின் கதவைத் திறந்துவிடுகிறது. ஜெர்மனியிலும் மாணவருக்குக் காப்பீடு கட்டாயமே. பணம் ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டது என்பதைப் பிள்ளைகள் உணர வேண்டும். ஆஸ்திரேலியாவில் 000, பிரிட்டனில் 999, ஐரோப்பிய நாடுகளில் 112, பிலிப்பைன்சில் 911 என்னும் எண்கள் குழுவிலுள்ள ஒவ்வொருவர் கைப்பேசியிலும் இருக்கட்டும்.

உயிர்காப்பாளர் நிற்கும் கடற்கரையைத் தேர்ந்தெடுத்து, சிவப்பும் மஞ்சளும் கலந்த இரு கொடிகளுக்கு இடையே மட்டும் இறங்குங்கள். குடித்தபின்பும் இருட்டியபின்பும் இறங்காதீர்கள். விமானம் ஏறுமுன் ஒரு நாள் ஒதுக்கி இதய நுரையீரல் மீட்பைக் கற்றுக்கொள்ளுங்கள். பத்துப் பேர் போகும் கூட்டத்தில் இருவருக்கேனும் அது தெரிந்திருக்க வேண்டும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. கடற்கரைக்குப் போகவே கூடாது என்று தடுத்தால் பிள்ளைகள் போகாமல் இருப்பதில்லை, சொல்லாமல் போகின்றனர். சொல்லாமல் போனவர்கள் அடிபட்டபோதும் சொல்வதில்லை, மருத்துவமனைக்கும் தாமதமாகவே செல்கின்றனர். எந்தக் கடற்கரை, அங்கு உயிர்காப்பாளர் உண்டா, யார் யார் உடன் வருகின்றனர் என்று கேட்டு, அனுமதி தந்து அனுப்புங்கள். நள்ளிரவில் அழைப்பு வந்தால் திட்டுவதையும் மாத்திரை தேடுவதையும் விட்டு, முதல் சொல்லாக மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்.