ஏன் எழுதவில்லை?

"நாடே கொதிக்கிறது, நமது ஏடு மட்டும் ஏன் வாய்மூடிக் கிடக்கிறது? அஞ்சிவிட்டீர்களோ?" என்று தோழர் ஒருவர் சீறி எழுதியிருக்கிறார். மாற்று முகாமைச் சார்ந்த ஒருவரைப் பற்றி முகநூலிலே உலவும் படக்காட்சியையும் அனுப்பியிருக்கிறார். பார்த்தோம். அரை நிமிடம் ஓடுகிறது. முன்னே நடந்ததென்ன, பின்னே நடந்ததென்ன, எடுத்தவர் யார், எதுவும் அதிலே இல்லை. தீர்ப்பு மட்டும் ஆயிரக்கணக்கிலே வந்து குவிந்துவிட்டது!

தோழர் பாஸ்டன் நகரத்தை நினைத்துப் பார்க்கட்டும். 2013 ஏப்ரல் 15 அன்று அங்கே மாரத்தான் ஓட்டம் முடியுமிடத்தில் இரு குண்டுகள் வெடித்தன. மூவர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். ஊர் கொதித்தது, கொதிக்காமலிருக்குமா? மூன்று நாள் கழித்து எப்.பி.ஐ. இருவரின் படங்களை வெளியிட்டது. பெயர் சொல்லவில்லை. சொல்வதற்குத்தான் 'ரெட்டிட்' தளத்திலே ஒரு கூட்டம் காத்திருந்ததே! மூக்கைப் பார், முகவாயைப் பார் என்று படத்தோடு படம் ஒட்டி, சில வாரங்களாகக் காணாமற் போயிருந்த கல்லூரி மாணவர் ஒருவரே குற்றவாளி என்று முடிவு கட்டினார்கள். அன்றிரவே ட்விட்டரில் பெயர் பறந்தது. பத்திரிகையாளர் சிலரும் - நம் தொழிலைச் சேர்ந்தவர்கள், வெட்கத்தோடு சொல்கிறோம் - அதைத் தூக்கிச் சுமந்தனர். காணாமற் போன பிள்ளையைத் தேடுவதற்காகக் குடும்பத்தார் திறந்திருந்த முகநூல் பக்கத்திலே வசைமாரி பொழிந்தது. பக்கத்தையே மூடினர்.

விடிந்ததும் தெரிந்தது, படத்திலிருந்தவர்கள் சார்னயேவ் சகோதரர்கள் என்று. மாணவருக்கும் குண்டுக்கும் எள்ளளவும் தொடர்பில்லை. ரெட்டிட் மன்னிப்புக் கேட்டது. அடுத்த வாரம் அந்தப் பிள்ளையின் உடல் ஆற்றிலே கிடைத்தது.

எங்கோ அமெரிக்காவில் என்பீரோ? 2018 மே மாதம், நமது போளூருக்குப் பக்கத்திலே, குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னை மூதாட்டி குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவள் என்று அடித்தே கொன்றார்கள்! வாட்ஸ்ஆப்பிலே வந்த வதந்தி அவர்களுக்குச் சாட்சி. அதே ஆண்டு ஜூலையில்தான், ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி இந்தியாவில் அந்நிறுவனம் வரம்பு கட்டியது.

பொற்கொல்லன் சொல் கேட்டுக் கோவலனை வெட்டச் சொன்ன பாண்டியன், பிழை தெரிந்ததும் அரியணையிலேயே உயிர்விட்டான். இன்றைய நீதிபதிகள் பதிவை அழித்துவிட்டு அடுத்த வழக்குக்குப் போய்விடுகிறார்கள்!

ஊமையாய் இருப்பது வேறு, காத்திருப்பது வேறு, தோழரே. புகார் சொன்னவரை நாம் பொய்யர் என்னவில்லை. அவர் சொல்லைப் பதிவு செய், விசாரி, பெரிய இடமென்று ஒளிக்காதே என்று உரக்கவே கேட்கிறோம். குற்றவாளி என்று மட்டும் இன்றைக்கு எழுத மாட்டோம். நம்மவர் ஒருவர் மீது இதே அரை நிமிடப் படம் வந்திருந்தால், 'விசாரணை முடியட்டும்' என்று முதலிலே முழங்கியிருப்பவர் நீங்கள்தானே!

எதிரிக்கு இரங்குகிறான் என்று நம் தோழர்களே ஏசுவார்கள்; ஏசட்டும். கடிதம் மேசைமேலே இருக்கிறது. விசாரணை முடிவு வருகிற அன்று, சாதகமோ பாதகமோ, இதே பத்தியிலே எழுதுவோம்.