சனிக்கிழமை நான்கு மணி

சென்ற ஆண்டு சனிக்கிழமைகளில், வானொலி நிகழ்ச்சியை முடித்துவிட்டு நான் வெளியே வரும்போதெல்லாம் அக்காளின் வாட்ஸ்அப் செய்தி காத்திருக்கும். “இவன எங்க போகச் சொல்றது?”

‘இவன்’ அவளுடைய மகன். அப்போது உயர்நிலை இரண்டு. வாரத்தில் இரண்டு நாள் பள்ளியில் காற்பந்துப் பயிற்சி. சனிக்கிழமை 3 மணிக்கு வெளியில் ஒரு குழுவுக்காக ஆட்டம். அதே நாள் 4 மணிக்கு எங்கள் திருச்சபையில் வாலிபர் கூட்டம். கால்கள் இரண்டு இருந்தாலும் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்க முடியாதே!

ஆண்டுக்கு ஒருமுறை வரும் வாலிபர் ஞாயிறன்று பிள்ளைகளே ஆராதனையை நடத்துவார்கள். அவன் கித்தார் வாசிப்பதாக ஏற்பாடு. ஆனால் மழையால் தள்ளிப்போன சனிக்கிழமை ஆட்டம் அந்த ஞாயிறு காலைக்கு மாறியது. அவன் திடலுக்குப் போனான். காலை 7 மணிக்குத்தான் வாலிபர் குழுத் தலைவருக்குச் செய்தி அனுப்பினான். கித்தார் இல்லாமலேயே பாடினார்கள். யாரும் அவனைத் திட்டவில்லை.

அடுத்த வாரம் அவன் கூட்டத்துக்குப் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. மூன்று மாதங்கள் ஓடிவிட்டன. காற்பந்து பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று வீட்டில் எல்லாரும் முடிவு கட்டினோம்.

ஒருநாள் இரவு, புளோக்குக்குக் கீழே காப்பிக்கடையில் மைலோ குடித்துக்கொண்டே சொன்னான்: “ஆட்டம் இல்லாத வாரமும் நான் வீட்லதான் இருந்தேன் சித்தி. அங்க போனா அண்ணன் மூஞ்சிய எப்படிப் பாக்குறதுன்னு தெரியல.”

அவனைத் தடுத்தது பந்து அல்ல, வெட்கம். எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

ஏன் இப்படி நடக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். பள்ளி இணைப்பாட நடவடிக்கைக்கு வருகைப் பதிவேடு இருக்கிறது. உயர்நிலைப் பள்ளிகளின் லீப்ஸ் 2.0 திட்டத்தில், ஓராண்டில் குறைந்தது 75 விழுக்காடு வருகை இருந்தால்தான் அந்த ஆண்டு கணக்கில் சேரும். பின்னர் தொடக்கக்கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது அதிகபட்சம் 2 சலுகைப் புள்ளிகள் கிடைக்கலாம். வெளிக்குழுவில் புள்ளி இல்லாவிட்டாலும், பயிற்சிக்கு வராதவன் ஆட்டத்தில் ஓரமாக உட்கார வேண்டும். வாலிபர் கூட்டத்தில் இதெல்லாம் இல்லை. வராவிட்டால் எதுவும் குறையாது. அதனால் நெருக்கடி வரும்போது பிள்ளைகள் முதலில் கைவிடுவது அதைத்தான். தேவார வகுப்புக்கோ கோயில் தொண்டுக்கோ பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கும் இது புதிதாக இருக்காது.

இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் தேவாலயங்களில் எரிக் லிடல் பெயரைச் சொல்வார்கள். ஸ்காட்லாந்து ஓட்டக்காரர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை நடந்ததால் ஓட மறுத்தவர். 1981ல் வெளிவந்த ‘சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படத்தில், கப்பல் ஏறும் நேரத்தில்தான் அவருக்கு அது தெரியவருவதுபோல் காட்டியிருப்பார்கள். உண்மையில் பல மாதங்களுக்கு முன்பே அட்டவணை அவருக்குத் தெரியும். முன்கூட்டியே சொல்லிவிட்டு 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்தார். 47.6 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். 200 மீட்டரில் வெண்கலமும் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை விளையாடலாமா கூடாதா என்பது அந்தந்தக் குடும்பத்தின் நம்பிக்கை. அதற்குள் நான் போகவில்லை. ஆனால் லிடலிடம் எல்லாருமே கற்கக்கூடியது ஒன்று உண்டு. அவர் முன்னதாகவே தெரிந்துகொண்டார், முன்னதாகவே சொன்னார்.

நம் வீடுகளிலும் அது முடியும். தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகள் பெரும்பாலும் ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை நடக்கும். ஈஸ்டர் அதற்கு நடுவில் வருகிறது. கிறிஸ்துமஸ் கீதப் பயிற்சியோ ஆண்டிறுதி விடுமுறையில் வருகிறது. ஜனவரியிலேயே இரண்டு அட்டவணைகளையும் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தால், மோதும் நாள்கள் நாம் பயந்த அளவுக்கு இருக்காது. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலே ஞாயிறு கடமை நிறைவேறிவிடும்.

பேச வேண்டியது பிள்ளைதான், பெற்றோர் அல்ல. “இந்த வாரம் வர முடியாது சார்” என்று முதல் நாள் இரவு செய்தி வந்தால் எந்தப் பயிற்றுவிப்பாளருக்கும் எரிச்சல் வரும். “ஏப்ரல் முதல் வாரம் எனக்கு ஆராதனைப் பொறுப்பு இருக்கு சார், அந்த ஒரு நாள் மட்டும்” என்று பிப்ரவரியில் நேரில் கேட்டால் அது வேறு பேச்சு. வாலிபர் குழுத் தலைவரிடமும் அப்படியே.

இன்னொன்று. தேர்வு மதிப்பெண் குறைந்தால் “இனிமே பந்தும் கிடையாது, வாலிபர் கூட்டமும் கிடையாது” என்று நாம் தண்டனை கொடுக்கிறோம். பிள்ளைக்கு வீட்டுக்கு வெளியே இருக்கும் இரண்டு நல்ல கூட்டாளிக் கூட்டங்களையும் ஒரே நாளில் பறித்துவிடுகிறோம்.

அக்காள் மகன் எப்படித் திரும்பினான் என்று கேட்கிறீர்களா? அக்காள் விஷயத்தைக் குழுத் தலைவரிடம் சொன்னாள். அவர் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை கூட்டத்தை 5 மணிக்குத் தள்ளி வைத்துவிட்டு, நான்கைந்து பிள்ளைகளோடு திடலுக்கு வந்து நின்றார். 2-0 என்று தோற்ற ஆட்டம். முடிந்ததும் எல்லாரும் ஒரே பேருந்தில் ஏறித் திருச்சபைக்குப் போனார்கள். இவன் அழுக்குக் காலுறையோடு.

இந்த ஆண்டு வாலிபர் ஞாயிறு எந்தத் தேதி என்று ஜனவரியிலேயே அவன் கேட்டு வைத்துக்கொண்டான். காலையில் ஆட்டம் வந்தாலும் வரலாம் என்பதால் கித்தார் பொறுப்பை வேறொருவரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டான். விடியற்காலையில் நாற்காலி அடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அக்காளிடமிருந்து இப்போது சனிக்கிழமைகளில் செய்தி வருவதில்லை.