பிந்திய வயதிற் பயிர்காக்கும் துவக்கு
அநுமதி கோருமுன் கமக்காரர் அறியவேண்டியவை

மத்திய மலைநாட்டிலே தேயிலைக்கும் காட்டுக்கும் இடைப்பட்ட சிறு நிலங்களிற் கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு முதலியன பயிரிடப்படுகின்றன. கொத்மலை, வலப்பனை, ஹங்குரன்கெத்தை ஆகிய பகுதிகளின் பள்ளத்தாக்குகளில் நெல்லும் விளைகின்றது. இந்நிலங்களுக்கெல்லாம் பொதுப்பகையாக விளங்குவது காட்டுப்பன்றி. ஒரு பன்றிக்கூட்டம் ஓரிரவிற் பாத்திகளைக் கிளறிச் சென்றால், விதைக்கும் பசளைக்கும் பட்ட கடன் மாத்திரமே கமக்காரரிடம் எஞ்சும்.

இவ்வாறு இருமுறை மும்முறை நட்டப்பட்டவர்கள், ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாகத் துவக்கு அநுமதிப்பத்திரம் பெறக் கருதுவதுண்டு. தோட்டப்புறங்களில் இவ்வெண்ணம் பிந்தி வருவதற்குக் காரணமும் உண்டு. துவக்கு நெடுங்காலம் துரைமாரின் பங்களாவிற்குரிய பொருளாகவே இருந்தது. லயன் அறையில் வாழ்ந்தோர்க்குச் சொந்த நிலமுமில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராயினோர் பலர். எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே குடியுரிமை கிடைத்தது. ஆகவே தந்தையிடமிருந்து துவக்குப் பழக்கத்தைக் கற்றோர் இங்கு மிகச் சிலரே. இளமையிற் பழகாத கருவியை முதுமையை அண்டிய காலத்தில் ஏந்துவோர் பின்வருவனவற்றை நன்கு ஆராய்தல் வேண்டும்.

வேட்டை வேறு, பயிர்க்காவல் வேறு

நுவரெலியா ஒரு காலத்தில் வேட்டைக்குப் பெயர்பெற்ற இடம். 1848ஆம் ஆண்டு முதற் சில ஆண்டுகள் இங்கு குடியிருந்து பண்ணை நடத்திய சாமுவேல் பேக்கர், நாய்களைக் கொண்டு மரை வேட்டையாடியவர். 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்த மேஜர் ரொஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்பர். அவருடைய கல்லறை நுவரெலியாவில் உள்ளது. அவ்வேட்டையின் பயனாக மலைநாட்டில் யானை அற்றுப்போகும் நிலை வந்தது. அக்காலம் கழிந்துவிட்டது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், அதன் பிற்காலத் திருத்தங்களும் பெரும்பாலான காட்டுவிலங்குகளைக் காத்து நிற்கின்றன. இன்று கமக்காரர் நாடவேண்டியது வேட்டை உரிமையன்று; தம் நிலத்துப் பயிரைக் காக்குந் துவக்குக்கான அநுமதியே.

அநுமதி பெறும் வழி

துவக்குகள் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகருவிகள் கட்டளைச் சட்டத்தால் ஆளப்படுகின்றன. அநுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றம். கமக்காரர் முதலிற் கிராம உத்தியோகத்தரையும் கமநல சேவை நிலையத்தையும் அணுகி, தம் நிலம், பயிர், நேர்ந்த சேதம் ஆகியவற்றைத் தெரிவித்தல் நன்று. சேதம் நேர்ந்த நாட்களைக் கொப்பியிற் குறித்து வைப்பது பிற்பாடு உதவும். பின்னர் பிரதேச செயலகத்திலும் மாவட்டச் செயலகத்திலும் விண்ணப்ப விபரங்களைக் கேட்டறிதல் வேண்டும். விண்ணப்பகாரரின் நடத்தைபற்றிப் பொலிசார் விசாரணை செய்வர்.

நிலம் தோட்ட நிருவாகத்துக்கு உரியதாயின், அங்கு பயிர்செய்வதற்கான உரிமையை எவ்வாறு காட்டுவது என்பதை விண்ணப்பிக்குமுன்னரே கேட்டறிக. உறுதியில்லாத நிலத்தைத் தமதெனக் கூறுதல் ஆகாது.

அநுமதி ஆளுக்குரியது, அது குடும்பத்துக்கு உரியதன்று. மகனோ மருமகனோ அத்துவக்கை எடுத்துச் சென்று சுடலாகாது. ஆண்டுதோறும் அதனைப் புதுப்பித்தலும் வேண்டும். அநுமதி பெற்றவர் இறப்பின் வீட்டார் துவக்கை மறைத்து வைக்காது, உடனே பொலிசாருக்கு அறிவித்தல் வேண்டும். வயது சென்று அநுமதி பெறுவோர் இதனை மனைவி மக்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தல் கடன்.

கண்ணும் கையும்

நாற்பது வயதைக் கடந்தபின் அண்மைப் பார்வை தளரும். அறுபதை அண்மிக்கும்போது பலருக்குக் கண்ணிற் புரை படரத் தொடங்கும். புரை படர்ந்த கண் பகலில் ஓரளவு தெளிவாகக் காணினும், மங்கலொளியிற் பெரிதும் ஏமாற்றும். பன்றியோ இரவில் வருவது. மலைநாட்டு மூடுபனியோ நிழலை உருவாக்கிக் காட்டுவது. எனவே துவக்குக்குச் செலவிடுமுன் கண் வைத்தியரிடம் செல்லுதல் முதற்படி. கைநடுக்கம், காதுமந்தம், தலைச்சுற்றல் ஆகியவை உள்ளோரும், மதுப்பழக்கமுடையோரும் இம்முயற்சியைக் கைவிடுதலே குடும்பத்துக்கும் அயலார்க்கும் நன்று.

சரிவு நிலத்தில் விளையும் ஆபத்து

பன்னிரண்டாம் இலக்கத் துவக்கின் பெருங்குண்டுகள் ஏறக்குறைய 40 யாருக்குட்பட்ட தூரத்திலேயே விலங்கை உறுதியாக வீழ்த்தும். ஆயினும் குறிதவறிய குண்டு பல நூறு யார் வரை பறந்து செல்லும். சமநிலத்தைவிட மலைச்சரிவில் இது பெரிதுங் கேடானது. மேட்டிலிருந்து சுடப்படுங் குண்டு கீழேயுள்ள லயனை அடையலாம்; பள்ளத்திலிருந்து மேல்நோக்கிச் சுடப்படுவது மலைவிளிம்பைத் தாண்டி எங்கு விழுமென்று எவராலுஞ் சொல்ல இயலாது. இலக்கின் பின்னால் மண்மேடு தெளிவாகத் தெரிந்தாலன்றிச் சுடலாகாது.

தேயிலைச்செடி இடுப்பளவு உயரமுடையது. குனிந்து களை பிடுங்குபவரும், செடிக்கப்பால் அமர்ந்திருப்பவரும் கண்ணுக்குத் தெரியார். செடி அசைவதைக் கண்டோ ஒலியைக் கேட்டோ சுடுவது கொலைக்கு ஒப்பாகும். விலங்கின் முழுவுருவத்தையும் கண்டு, இன்ன விலங்கென்று அறிந்த பின்னரே விரல் விசையைத் தொடவேண்டும். கொழுந்து பறிப்போர் மலையேறும் வேளையிற் சுடுதல் அறவே ஆகாது. வடிகானைத் தாண்டும்போதும் ஈரக்கற்படியில் இறங்கும்போதும் தோட்டாவைக் கழற்றிவிடுக. காயம்பட்ட பன்றி திரும்பித் தாக்கும்; இருளில் அதனைத் தனியே பின்தொடர்தல் கூடாது.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையிலே ஐவர் அறுவர் உறங்கும் வீட்டில் துவக்கை எங்கே வைப்பது? இக்கேள்விக்கு விடை காணாதவர் விண்ணப்பிக்கலாகாது. பூட்டிய பெட்டியில் துவக்கும், வேறொரு பூட்டில் தோட்டாக்களும் இருத்தல் வேண்டும். திறப்பு பிள்ளைகளின் கைக்கு எட்டலாகாது.

எவ்விலங்கைச் சுடலாம்?

காட்டுப்பன்றி சட்டத்தாற் காக்கப்பட்ட விலங்கன்று. மரை, சிறுத்தை முதலியன காக்கப்பட்டவை. பிற விலங்குகளைப் பற்றி ஐயம் எழுமாயின் வனசீவராசிகள் திணைக்களத்திற் கேட்டறியாது துவக்கை எடுத்தல் தவறு. 2025ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் காலை எட்டு மணி முதல் ஐந்து நிமிட நேரம், பயிர்நிலங்களிற் காணப்பட்ட குரங்கு, மயில், மலையணில் முதலியன நாடெங்கும் எண்ணப்பட்டன. எண்ணப்பட்டமை சுடுதற்கான அநுமதி ஆகாது என்பதை மறவற்க. மேலும், ஹோர்டன் சமவெளித் தேசிய வனம், ஹக்கல இயற்கை ஒதுக்கு, சிவனொளிபாதமலைச் சரணாலயம் ஆகியவற்றின் எல்லைக்குள்ளே எந்த விலங்கையுஞ் சுடலாகாது. பன்றி எல்லையைக் கடந்து ஓடினால் அத்துடன் விட்டுவிடுதல் வேண்டும்.

கண்ணியும் கட்டுத்துவக்கும்

அநுமதி பெறுவதிலுள்ள தாமதத்தைக் கண்டு சிலர் கம்பிக்கண்ணி, கட்டுத்துவக்கு, இரைக்குள் வைக்கும் வெடி, வீட்டு மின்சாரம் பாய்ச்சிய கம்பி ஆகியவற்றை நாடுகின்றனர். இவை கண்ணற்ற கருவிகள். பன்றியென்றும் பிள்ளையென்றும் பாரா. 2020ஆம் ஆண்டு மே 26ஆம் நாள், நல்லதண்ணிக்கு அண்மையில் லக்சபானத் தோட்டத்துக் கம்பிக்கண்ணியில் அரிய கருஞ்சிறுத்தையொன்று சிக்கியது. மீட்கப்பட்டும் மூன்றாம் நாள் அது இறந்தது. கண்ணி வைத்தவர் எதிர்பார்த்தது எதுவாயினும், சிக்கியது சட்டம் காக்கும் விலங்கு. சிறுத்தை பன்றிக்குட்டிகளையும் இரையாகக் கொள்வது. அதனைக் கொல்வது பயிருக்குக் காவலாகிய ஒன்றை அழிப்பதேயாகும்.

துவக்குக்கு முன் வேலி

பன்றி ஓரீற்றிற் பல குட்டிகளை ஈனும். ஒன்றைச் சுட்டால் மற்றவை அடுத்த பாத்திக்குச் செல்லும். எனவே துவக்கு வேலியின் துணையாகலாமேயன்றி வேலிக்கு மாற்றாகாது. அயலார் கூடி நிலங்களைச் சேர்த்துக் கல்வேலியோ முள்வேலியோ அமைத்து, அடியில் இடைவெளியின்றிப் பேணுக. காட்டோரத்துப் பற்றைகளை வெட்டி வெளியாக்குக. அறுவடைக்கு முந்திய வாரங்களில் முறைவைத்துக் காவற்குடிலில் விழித்திருந்து, விளக்கும் ஓசையுங் கொண்டு விரட்டுக. அழுகிய கிழங்கையும் மரக்கறிக் கழிவையும் வயலோரத்திற் குவிப்பது பன்றியை விருந்துக்கு அழைப்பதாகும். அவற்றைப் புதைத்துக் கூட்டெரு ஆக்குக.

இவற்றையெல்லாம் செய்தும் சேதம் தொடருமாயின், கண்ணும் கையும் உறுதியாயிருப்பவர் அநுமதிக்கு விண்ணப்பிக்கலாம். கண் மங்கியவர், அயலிலுள்ள அநுமதி பெற்ற ஒருவரைக் காவலுக்கு அழைத்து, தாம் விளக்கேந்தி உடன் நிற்கலாம். அவ்வாறு நிற்பதில் இழிவு ஒன்றுமில்லை. ஒரு போகத்துக் கிழங்கு போயின் மறுபோகத்தில் ஈடுசெய்யலாம். தவறான ஒரு வெடியாற் போன உயிரை எப்போகத்திலும் மீட்டல் இயலாது.