பைக்கில் ஜிபிஎஸ்: வாங்குமுன், கிளம்புமுன், செலான் வந்தபின்

திருநெல்வேலியின் வண்ணாரப்பேட்டையிலும் முருகன்குறிச்சியிலும் நாள்தோறும் கண்ணில் படுகிற காட்சி இது. ஒரு கை ஆக்ஸிலேட்டரில், இன்னொரு கையில் செல்போன், கண் மேப்பில். கேட்டால், "வழி பார்க்கச் சட்டமே அனுமதிக்குதே" என்கிறார்கள். பாதிதான் உண்மை.

2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, மத்திய மோட்டார் வாகன விதி 21(25), கையடக்கக் கருவியை வழி அறிய மட்டும், அதுவும் ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்கிறது. சிதறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு இருக்கிறது. முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. ஆகவே கருவியை ஹேண்டில்பாரில் இறுக்கமாகப் பொருத்துங்கள். போகிற இடத்தை வீட்டு வாசலிலேயே பதிந்துவிடுங்கள். வழியை மாற்றவேண்டுமா, ஓரமாக நிறுத்துங்கள். நிறுத்தாமல் திரையைத் தொடாதீர்கள்.

ஊருக்குள் ஓட்டுபவருக்குச் செல்போனே போதும். ஆனால் பைக் என்ஜினின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. அதிர்வு தாங்கும் மவுண்ட் வாங்குங்கள். மழையிலும் வெயிலிலும் மலைப்பக்கம் சுற்றுகிறவர் தனிக்கருவி வாங்கலாம். அதற்கு ஐபிஎக்ஸ்7 தரம் வேண்டும். ஒரு மீட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும் என்று பொருள். இந்திய வரைபடம் உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். திரை தெரிகிறதா என்பதைக் கடைக்கு வெளியே, உச்சிவெயிலில் நின்று பாருங்கள். ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து ஒயர் இழுக்க எந்த மெக்கானிக்கையும் விடாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் கருவியில் தனி ஆபத்து உண்டு. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வசதி அதில் இருந்தால், தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி இங்கே வைத்திருப்பதே குற்றம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில், கார்மின் இன்ரீச் என்ற அத்தகைய கருவியை வைத்திருந்த கனடா நாட்டவர் ஒருவர் வழக்கில் சிக்கினார். அன்பளிப்பாக வந்தது என்பதெல்லாம் அங்கே பதிலாகாது.

பாபநாசத்துக்கு மேலே செல்போன் சிக்னலை நம்ப முடியாது. சிக்னல் போனாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், வரைபடம்தான் இறங்காது. கீழேயே பதிவிறக்கி வையுங்கள். அதைவிட முக்கியமானது அனுமதி. மேப்பில் கோடு தெரிகிறது என்பதால் மாஞ்சோலைக்கும் காரையாறுக்கும் வண்டி விட்டுவிட முடியாது. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, அனுமதியில்லாத வெளியாள் சரணாலயத்தில் நுழைவதைத் தடை செய்கிறது. மணிமுத்தாறு சோதனைச்சாவடியில் நின்று வனக்காவலரிடம் மேப்பைக் காட்டி வாதாடும் இளைஞர்களைப் பார்க்கிறேன்; வீண் வேலை. அம்பாசமுத்திரத்தில் உள்ள வனத்துறைத் துணை இயக்குநர் அலுவலகத்தில் முதல்நாளே விசாரியுங்கள். இருசக்கர வாகனத்தை விடுகிறார்களா, எத்தனை மணிக்குள் இறங்க வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணிக் கரை முழுக்க ஊர்கள் துண்டிக்கப்பட்டன. தரைப்பாலத்தின்மேல் வெள்ளம் ஓடுவது மேப்புக்கு உடனே தெரியாது. தெரியவேண்டியவர்கள் அதிகாரிகள். தடுப்பு வைக்க ஓர் உயிர் போகும்வரை காத்திருப்பது என்ன நிர்வாகம்? 2024 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே, முடிக்கப்படாத பாலத்திலிருந்து கார் விழுந்து மூவர் இறந்த பிறகுதான் பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள்மீது வழக்குப் பதிந்தார்கள். தடுப்பில்லாத இடத்தைக் கண்டால் படமெடுத்துப் புகார் செய்யுங்கள். தேசிய நெடுஞ்சாலையென்றால் 1033. மற்றவற்றுக்கு முதல்வர் உதவி மையம் 1100. நடக்கவில்லையென்றால் திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். தண்ணீர் ஓடும் பாலத்தில், மேப் எதைச் சொன்னாலும், வண்டியை இறக்காதீர்கள்.

கருவி மவுண்டில் இருந்தும், செல்போன் பேசியதாகச் செலான் வந்தால், பலரும் தலைவலி வேண்டாமென்று கட்டிவிடுகிறார்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். அன்றே வண்டியை மவுண்டோடு படமெடுங்கள். செலானில் உள்ள நேரத்துக்கான அழைப்பு விவரத்தைச் செல்போன் நிறுவனத்திடமிருந்து எடுங்கள். இரண்டையும் இணைத்து, செலான் எண்ணும் விதி 21(25)-உம் குறிப்பிட்டு, மாநகர எல்லைக்குள் என்றால் போலீஸ் கமிஷனர் அலுவலகத்திலும், வெளியே என்றால் எஸ்.பி. அலுவலகத்திலும் மனு கொடுங்கள். அங்கே மறுத்தால் நீதிமன்றத்தில் சொல்லலாம்.

வாங்கிய கருவி பழுதாகி, கடைக்காரர் கையை விரித்தால் முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். பிறகு கடைக்கும் தயாரிப்பாளருக்கும் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட். பதிலில்லையென்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். டெல்லிக் கடையில் ஆன்லைனில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உரிமை தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போயிருக்க வேண்டும். மனுவோடு பில்லின் நகல் வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதித் தரும் கடையில் வாங்காதீர்கள், பில்லில் உங்கள் பெயரும் கருவியின் வரிசை எண்ணும் இருக்கிறதா என்று கல்லாவை விட்டு நகருமுன்னே பாருங்கள்.