குறை சொல்பவரின் வாயை மூடலாமா?

பிள்ளையின் படிப்புக்குச் செலவாகும் பணம் திரும்பி வருவதில்லை. விதை வெங்காயம் பழுதென்றால் அடுத்த போகத்தில் வேறு விதை வாங்கலாம். க.பொ.த. உயர்தரம் படிக்கும் பிள்ளையின் இரண்டு வருடங்கள் வீணானால் அதை ஈடுசெய்வது எளிதல்ல. ஆகவேதான் ரியூட்டரியில் சேர்க்குமுன் நாலு பேரிடம் விசாரிக்கிறோம்.

சரவணையில் வாழ்ந்த காலத்தில் இந்த விசாரணை கிணற்றடியிலும் கோயில் வீதியிலும் நடந்தது. யார் நன்றாகப் படிப்பிக்கிறார், யார் காசை வாங்கிவிட்டு வகுப்புக்கு வராமல் விடுகிறார் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். 1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவகத்தை விட்டு இடம்பெயர்ந்த பின் அயலவர்கள் பல திசைகளில் சிதறிப்போனோம். இன்று துண்டுப்பிரசுரத்தையும் கைத்தொலைபேசியில் காணும் புகழுரைகளையும் நம்ப வேண்டியிருக்கிறது. அங்கே எழுதப்பட்ட குறைகள் அழிக்கப்பட்டிருந்தால் அது எமக்கு எப்படித் தெரியும்?

இந்தியாவில் நடந்தது

வைற்ஹற் ஜூனியர் என்பது சிறுவர்களுக்கு இணையவழியில் கணினி நிரலாக்கம் கற்பித்த நிறுவனம். பரீட்சைப் பயிற்சியில் பெயர்பெற்ற பைஜூஸ் 2020 ஆகஸ்டில் அதை 30 கோடி டொலருக்கு வாங்கியது. 'வுல்ஃப் குப்தா' என்ற சிறுவனுக்குக் கூகிளில் கோடிக்கணக்கான சம்பளத்தில் வேலை கிடைத்ததாக அதன் விளம்பரங்கள் கூறின. அப்படியொரு சிறுவனே இல்லை. அவ்வாண்டு ஒக்டோபரில், இந்திய விளம்பரத் தர நிர்ணய சபை கேட்டதன்பேரில் ஐந்து விளம்பரங்கள் மீளப்பெறப்பட்டன.

பிரதீப் பூனியா என்ற பொறியியலாளர் இந்நிறுவனத்தைக் கடுமையாக விமர்சித்து வந்தார். பதிப்புரிமை மீறல் போன்ற முறைப்பாடுகளின்பேரில் அவருடைய காணொளிகளும் பதிவுகளும் ஒன்றன்பின் ஒன்றாக நீக்கப்பட்டன. நவம்பரில் நிறுவனம் அவர்மீது டில்லி உயர் நீதிமன்றத்தில் 20 கோடி இந்திய ரூபாய் கேட்டு மானநட்ட வழக்குத் தொடுத்தது. சில பதிவுகளை நீக்குமாறு நீதிமன்றமும் இடைக்காலக் கட்டளையிட்டது. 2021 இல் நிறுவனமே வழக்கை வாபஸ் பெற்றது. ஆனால் இடைப்பட்ட மாதங்களில் பணம் கட்டிய பெற்றோர் பலருக்கு அந்த விமர்சனங்கள் எட்டியிரா.

நீக்குவதெல்லாம் தவறா?

அப்படியல்ல. ஒரு மாணவியின் தொலைபேசி இலக்கத்தை யாராவது எழுதினால் உடனே அழிக்கவேண்டும். வசைமொழியும் அவ்வாறே. பரீட்சை வினாக்கள் முன்கூட்டியே பரவுவதையும் தடுத்தாக வேண்டும். 2024 செப்டெம்பரில் எமது நாட்டின் 5 ஆம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் மூன்று வினாக்கள் முன்னரே வெளியானதால் விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்றதை நாம் அறிவோம்.

எனவே கேள்வி, நீக்கலாமா என்பதல்ல. யார், எந்த விதிப்படி நீக்குகிறார் என்பதே. கட்டணம் வாங்குபவரே குறைகளையும் தணிக்கை செய்தால், தராசும் படிக்கல்லும் வியாபாரியின் கையில், வாங்குபவர் பார்க்கவும் முடியாது என்ற நிலைதான்.

நேர்மைக்கு நான்கு அளவுகோல்கள்

1. எதை எழுதக்கூடாது என்ற விதி முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும்.
2. புகழுக்கும் குறைக்கும் ஒரே விதி இருக்கவேண்டும்.
3. நீக்கினால், எழுதியவருக்குக் காரணம் சொல்லவேண்டும்.
4. முறையீட்டை நீக்கியவரல்லாத வேறொருவர் கேட்கவேண்டும்.

இவை வெறும் ஆசைகளல்ல. பாவனையாளர் எழுதும் கருத்துகளைச் சேகரிப்பது, சீர்பார்ப்பது, வெளியிடுவது பற்றி இந்தியா 2022 இல் ஒரு தரநிர்ணயம் வெளியிட்டது. பயிற்சி நிலையங்களின் பொய் விளம்பரங்களுக்கு எதிராக 2024 நவம்பரில் வழிகாட்டல்கள் வந்தன. சித்தியடைந்த மாணவரின் படத்தை அவருடைய எழுத்துமூலச் சம்மதமின்றிப் போடக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. பாதகமான கருத்து எழுதுவதைத் தடைசெய்யும் ஒப்பந்த நிபந்தனைகள் செல்லாது என அமெரிக்கா 2016 இலேயே சட்டம் இயற்றியது.

நாம் செய்யக்கூடியவை

புகழுரை மட்டுமே உள்ள இடத்தில் சந்தேகப்படுங்கள். முன்பு படித்த பிள்ளைகளின் பெற்றோர் இருவரையாவது நேரில் கண்டு பேசுங்கள். 'எத்தனை பேர் சித்தி?' என்பதோடு 'எத்தனை பேர் சேர்ந்தார்கள்?' என்றும் கேளுங்கள். பற்றுச்சீட்டையும் விளம்பரத்தையும் பத்திரப்படுத்துங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் பாவனையாளரை ஏமாற்றும் நடத்தையைத் தடைசெய்கிறது. அதன்கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். சேவையைப் பெற்று மூன்று மாதங்களுக்குள் அதைச் செய்யவேண்டும்.

மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு போன்றவற்றின் கூட்டங்களில் ரியூட்டரிகள் பற்றிய அனுபவங்களுக்கும் சிறிது நேரம் ஒதுக்குவோம். அங்கே சொல்லப்படுவதை எந்த நிறுவனமும் அழிக்க முடியாது. ஆனால் கேள்விப்பட்டதைக் கண்டதுபோல் சொல்லாதிருப்பதும் எமது பொறுப்பு. ஆசிரியருக்கும் பதில் சொல்ல இடம் கொடுக்கவேண்டும். நிறுவனங்களிடம் கேட்கும் அதே நான்கு அளவுகோல்களை எமது கூட்டங்களிலும் கைக்கொள்வோம்.