முதல் சம்பளச் சீட்டில் வருமான வரிப் பிடித்தம்

சம்பளத்தில் வருமான வரிப் பிடித்தம் என்பது, பணியாளர் ஓராண்டுக்குச் செலுத்த வேண்டிய வருமான வரியை வேலை தரும் நிறுவனமே முன்கூட்டிக் கணக்கிட்டு, மாதந்தோறும் சம்பளத்தில் கழித்து, அவருடைய பெயரில் அரசுக்குச் செலுத்தும் முறையாகும். சம்பளச் சீட்டில் இது 'வருமான வரி' என்றோ 'டி.டி.எஸ்.' என்றோ குறிக்கப்படும். இந்தியாவில் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 192ஆம் பிரிவு இதற்கு அடிப்படையாக இருந்து வந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தோரிடம் இரண்டு தவறான எண்ணங்கள் உண்டு. சம்பளத்தில் குறையும் பணமெல்லாம் வரி என்பது ஒன்று. பிடித்த தொகையே முடிவான வரி என்பது மற்றொன்று. இக்கட்டுரை 2025-26 நிதியாண்டின் விதிகளைக் கொண்டு இவற்றை விளக்குகிறது.

கழிவுகள் எல்லாம் வருமான வரி அல்ல

வேலை ஆணையில் காணும் 'சி.டி.சி.' என்பது நிறுவனத்துக்கு ஒரு பணியாளரால் ஆகும் மொத்தச் செலவு. நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை போன்றவையும் அதில் அடங்கியிருக்கும். எனவே அதைப் பன்னிரண்டால் வகுத்தால் வரும் தொகை கைக்கு வராது. மாதச் சம்பளத்தில் வழக்கமாகக் கழிக்கப்படுபவை:

- வருங்கால வைப்பு நிதி: அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 12 விழுக்காடு. சட்ட உச்சவரம்பான 15,000 ரூபாய்க்கு மட்டும் கணக்கிட்டு 1,800 ரூபாய் பிடிக்கும் நிறுவனங்களும் உண்டு. இது வரி அல்ல, பணியாளரின் சேமிப்பு.
- இ.எஸ்.ஐ.: மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு 0.75 விழுக்காடு. இது மருத்துவக் காப்பீட்டுக்கான பங்களிப்பு.
- தொழில் வரி: தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சி அமைப்புக்குச் செல்லும் வரி, அரையாண்டுக்கு அதிகபட்சம் 1,250 ரூபாய். ஏதோ ஒரு மாதத்தில் மட்டும் சம்பளம் குறைந்து வருவதற்கு இது காரணமாக இருக்கலாம்.
- வருமான வரி: மத்திய அரசுக்குச் செல்வது.

மாதம் 30,000 ரூபாய் பெறும் ஒருவருடைய ஆண்டுச் சம்பளம் 3,60,000 ரூபாய். அவருக்கு வேறு வருமானம் இல்லையெனில் வருமான வரி இல்லை. கைக்கு 28,200 ரூபாய் வந்தால், குறைந்த 1,800 ரூபாய் பெரும்பாலும் வைப்பு நிதியாகவே இருக்கும்.

வரி கணக்கிடப்படும் முறை

வரி அந்த மாதச் சம்பளத்துக்கு விதிக்கப்படுவதில்லை. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டில் பணியாளர் பெறப்போகும் சம்பளத்தை நிறுவனம் மதிப்பிடுகிறது. அதில் நிலையான கழிவாக 75,000 ரூபாய் நீக்கப்படுகிறது. எஞ்சிய தொகைக்குப் புதிய வரி முறையில் பின்வரும் அடுக்குகளின்படி வரி கணக்கிடப்படும்:

- 4 லட்சம் வரை: வரி இல்லை
- 4 முதல் 8 லட்சம்: 5 விழுக்காடு
- 8 முதல் 12 லட்சம்: 10 விழுக்காடு
- 12 முதல் 16 லட்சம்: 15 விழுக்காடு
- 16 முதல் 20 லட்சம்: 20 விழுக்காடு
- 20 முதல் 24 லட்சம்: 25 விழுக்காடு
- 24 லட்சத்துக்கு மேல்: 30 விழுக்காடு

வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால் 87ஏ பிரிவின் தள்ளுபடியால் சம்பளத்துக்கான வரி முழுவதும் நீங்கிவிடும். தாண்டினால், கிடைக்கும் வரித் தொகையின் மேல் 4 விழுக்காடு 'செஸ்' சேரும். இவ்வாறு வரும் ஆண்டு வரி, எஞ்சிய மாதங்களுக்குப் பகிர்ந்து பிடிக்கப்படும்.

சேர்ந்த மாதம் ஏன் முக்கியம்

மாதம் 1,20,000 ரூபாய் பெறும் இருவரை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் ஆண்டு முழுவதும் வேலையில் இருப்பவர். அவருடைய ஆண்டுச் சம்பளம் 14,40,000; நிலையான கழிவு போக 13,65,000. அடுக்குகளின்படி வரி 20,000 + 40,000 + 24,750 = 84,750. செஸ் 3,390. மொத்தம் 88,140 ரூபாய், அதாவது மாதம் 7,345 ரூபாய்.

இரண்டாமவர் படிப்பு முடித்து ஜூலையில் சேர்ந்தவர். மார்ச் வரை ஒன்பது மாதங்களுக்கு அவர் பெறுவது 10,80,000; கழிவு போக 10,05,000. இது 12 லட்சத்துக்குள் இருப்பதால் வரி இல்லை. சம்பளம் ஒன்றே ஆனாலும் முதல் ஆண்டில் இவருக்குப் பிடித்தம் கூடாது. நிறுவனம் தவறுதலாகப் பன்னிரண்டு மாதச் சம்பளமாக மதிப்பிட்டு மாதம் 7,345 பிடித்தால், மார்ச்சுக்குள் 66,105 ரூபாய் போயிருக்கும். முதல் சீட்டிலேயே கவனித்துச் சம்பளப் பிரிவில் சொன்னால், அடுத்து வரும் மாதங்களில் அதைச் சரிசெய்ய சட்டம் இடம் தருகிறது.

பழைய முறையும் புதிய முறையும்

பணியாளர் எதையும் தெரிவிக்காவிட்டால் புதிய முறையிலேயே பிடித்தம் நடக்கும். வீட்டு வாடகைப்படி விலக்கு, 80சி பிரிவில் காப்பீடு, வைப்பு நிதி போன்றவற்றுக்கான கழிவு ஆகியவை பழைய முறையில்தான் கிடைக்கும். பழைய முறையைத் தேர்ந்தவர் முதலீடுகளை முதலில் உறுதிமொழியாகத் தருவார். ஆண்டின் கடைசி மாதங்களில் நிறுவனம் அதற்கான சான்றுகளைக் கேட்கும். சான்று தராவிட்டால், விடுபட்ட வரி முழுவதும் எஞ்சியுள்ள ஓரிரு மாதச் சம்பளத்தில் மொத்தமாகப் பிடிக்கப்படும்.

வேலை மாறும்போது

மேலே கண்ட முதலாமவர் அக்டோபரில் அதே சம்பளத்தில் வேறு நிறுவனத்துக்கு மாறுகிறார் எனக் கொள்வோம். பழைய நிறுவனம் ஆறு மாதங்களில் 44,070 ரூபாய் பிடித்திருக்கும். புதிய நிறுவனம் தான் தரும் 7,20,000 ரூபாயை மட்டும் பார்த்தால், வரி இல்லை என்று விட்டுவிடும். கணக்குத் தாக்கல் செய்யும்போது மீதி 44,070 ரூபாயை அவரே கட்ட வேண்டிவரும், வட்டியும் சேரும். முந்தைய சம்பள விவரத்தைப் புதிய நிறுவனத்திடம் படிவம் 12பி வழியாகத் தெரிவித்தால் இதைத் தவிர்க்கலாம்.

பிடித்த பணம் எங்கே செல்கிறது

பிடித்த வரியை நிறுவனம் வழக்கமாக அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் அரசுக்குச் செலுத்த வேண்டும். காலாண்டு அறிக்கை தாக்கலான பிறகே அது பணியாளரின் படிவம் 26ஏஎஸ்-இல் தெரியும்; எனவே சில மாதத் தாமதம் இயல்பு. ஆண்டு முடிந்து ஜூன் 15-க்குள் நிறுவனம் படிவம் 16 தர வேண்டும். நிறுவனம் பணத்தைப் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் விட்டாலும், பிடித்த அளவுக்கு வரியைப் பணியாளரிடம் மீண்டும் கேட்கக் கூடாது என்கிறது 205ஆம் பிரிவு. அப்போது அவர் கையில் உள்ள சான்று சம்பளச் சீட்டுதான். ஆகவே எல்லா மாதச் சீட்டுகளையும் சேமித்து வைப்பது நல்லது.

கூடுதலாகப் பிடிக்கப்பட்ட வரி தானாகத் திரும்பி வராது. வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால் மட்டுமே அது வங்கிக் கணக்குக்கு வந்து சேரும். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவருக்கும் இது பொருந்தும்.

முதல் சீட்டில் பார்க்க வேண்டியவை

- பெயரும் பான் எண்ணும் சரியாக உள்ளனவா. வரிக்குரிய வருமானம் உள்ளவர் பான் எண் தராவிட்டால் குறைந்தது 20 விழுக்காடு பிடிக்கப்படும்.
- ஆண்டு வருமான மதிப்பீடு, வேலைக்குச் சேர்ந்த மாதத்திலிருந்து கணக்கிடப்பட்டுள்ளதா.
- தேர்ந்த வரி முறை எது.
- வருமான வரி, தொழில் வரி, வைப்பு நிதி ஆகியவை தனித்தனியாகக் காட்டப்பட்டுள்ளனவா.

2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வருவதால், பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. ஆண்டு வருமானத்தை மதிப்பிட்டு மாதந்தோறும் பிடிக்கும் முறை அதிலும் தொடர்கிறது.